கடைசி ஃபைலின் பெயர்

மலேசியாவில் குருணிலிருந்து அலோர் ஸ்டார் போகும் பேருந்தில், எனக்கு முன் சீட்டுப் பெண் பக்கத்திலிருந்தவரிடம் சொன்னாள்: "இத்தன நாளா அடுத்தவங்க தப்புக்கெல்லாம் நான்தாண்ணே சாரி சொல்லிக்கிட்டு இருந்தேன்."

இருவர் கழுத்திலும் ஒரே கம்பெனி அட்டை.

"என்னா சொல்ற?"

"நாம எழுதற புரோகிராம் ஃபைல் எல்லாத்தையும் அந்த டூல் ஒண்ணா ஒட்டுதுல்ல? ஒட்டுனதும் எந்த வரி யாரோட ஃபைல்லேருந்து வந்துச்சுன்னு அதுக்கு மறந்து போயிருது. எர்ரர் வந்தா, கடைசியா ஒட்டுன ஃபைல் பேரச் சொல்லிருது. கடைசி ஃபைல் என்னோடது."

"அதான் எப்பவும் ஒம் பேரே வந்துச்சா?"

"நீங்ககூட மீட்டிங்ல ஏசுனீங்களே."

அவர் ஜன்னலுக்கு வெளியே வயலைப் பார்த்தார்.

"இப்ப ஒவ்வொரு வரியும் எந்த ஃபைல்ல, எத்தனாவது வரியா இருந்துச்சுன்னு டூல் ஞாபகம் வச்சுக்கற மாதிரி மாத்திட்டேன். எர்ரர் வந்தா நேரா அந்த எடத்தக் காட்டும்."

"நல்ல வேல லா. பழைய எர்ரரெல்லாம் ஓட்டிப் பாத்தியா?"

"பாத்தேன்."

"யாரோடது?"

அவள் போனை அவர் பக்கம் திருப்பினாள். அவர் விரலால் தள்ளித் தள்ளிப் படித்தார். பேருந்து ஒரு நிறுத்தத்தில் நின்று கிளம்பிய பிறகும் படித்துக்கொண்டிருந்தார்.

"பாஸ்கிட்ட காட்டறதுக்கு முன்னால என்னோடத நான் கொஞ்சம் திருத்திக்கிறேன் லா, தங்கச்சி."

அதுவரை அவர் அவளைத் தங்கச்சி என்று கூப்பிடவில்லை.

"கெளம்பும்போதே இந்த லிஸ்ட்ட டூல்ல போட்டுட்டேண்ணே. காலையில எல்லார் ஸ்கிரீன்லயும் வந்துரும்."