லைல் டாலஃப்சனுக்கு என்ன வேண்டும்

காபியைக் குடியுங்கள், டெபுடி ராஸ்க், ஆறிவிடும். அப்பா போடும் காபி நீர்த்துத்தான் இருக்கும். கோப்பையின் அடி தெரிந்தால்தான் அவருக்கு அது காபி. தட்டில் இருக்கும் பூசணி ரொட்டி நாங்கள் செய்ததல்ல, ஊரார் கொடுத்தது. கிறிஸ்துமஸுக்குப் பிறகு இந்த வீட்டில் அடுப்பே எரியவில்லை. அதற்கும் நீங்கள் விசாரிக்க வந்ததற்கும் தொடர்பு உண்டு. வரிசையாகச் சொன்னால்தான் என் பக்க நியாயம் புரியும்.

நான் கலிஃபோர்னியாவில் ஒரு கல்லூரியின் திரைப்படத் துறைக்கு விண்ணப்பித்திருந்தேன். மற்றவர்களுக்கு முந்தி, நவம்பரிலேயே அனுப்பும் விண்ணப்பம். வேறெங்கும் போகமாட்டேன், நீங்கள்தான் வேண்டும் என்று சொல்வதற்குச் சமம் அது. டிசம்பரில் பதில் வந்தது. சேர்த்துக்கொள்ளவும் இல்லை, தள்ளவும் இல்லை. வசந்தத்தில் மற்றவர்களோடு சேர்த்து மறுபடி பார்ப்பார்களாம், புதிதாகப் படம் ஏதாவது இருந்தால் அனுப்பலாமாம். திரிசங்கு சொர்க்கம்தான். எங்கள் பள்ளியில் கல்லூரி இடம் கிடைத்தவர்கள் மறுநாளே அவரவர் கல்லூரியின் பெயர் போட்ட ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு வருவார்கள். எனக்கு அப்பா அக்டோபரிலேயே ஒன்று வாங்கி வாசல் கொக்கியில் மாட்டிவைத்திருந்தார். அதை எடுத்துவிடுங்கள் என்று சொல்ல எனக்கும் வாய் வரவில்லை, எடுக்க அவருக்கும் கை வரவில்லை.

நான் அனுப்பியிருந்த படம் அப்பா லைல் டாலஃப்சனைப் பற்றியது. அவர் பனி வாரும் வண்டி ஓட்டுகிறார், உறைந்த ஏரிமேல் குடிசை போட்டு மீன் பிடிக்கிறார், பக்கத்தில் எங்கள் நாய் ரூடி படுத்திருக்கிறது. அவ்வளவுதான் படம். அதில் அப்பா மூன்று வசனம் பேசுகிறார். 'பரவால்ல.' 'இதவிட மோசமா இருந்திருக்கலாம்.' 'ரூடி, வா.'

பள்ளியில் படக் கலை சொல்லித்தரும் ஆப்டால் மிஸ்ஸிடம் போனேன். அவர் படத்தை மறுபடி பார்த்துவிட்டுச் சொன்னார்: "அழகா எடுத்திருக்க மாரென். ஆனா உங்கப்பாவுக்கு என்ன வேணும்? அது எனக்குத் தெரியவே இல்லியே. ஒரு ஆளுக்கு ஒண்ணு வேணும், அது கெடைக்காம அவன் தவிக்கணும். அப்பதான் அது கதை. இல்லேன்னா அது சும்மா மீன்."

அன்று மாலை கேமராவை வைத்துக்கொண்டு அப்பாவிடமே கேட்டேன்.

"அப்பா, உங்களுக்கு என்ன வேணும்?"

"எதுக்கு?"

"பொதுவா. வாழ்க்கைல."

"ஒண்ணும் வேணாம். எல்லாம் இருக்கு."

"யோசிச்சுச் சொல்லுங்கப்பா."

யோசித்தார். "சமையக்கட்டுக் குழாய் ஒழுகுது. ஒரு வாஷர் வாங்கணும்," என்றார்.

வாஷரை வைத்துப் படம் எடுக்க முடியுமா என்றும் பார்த்தேன். ஆனால் மறுநாளே கடைக்குப் போய் வாங்கி மாட்டிவிட்டார். தவிப்புக்கு இடமே கொடுக்காத மனிதர்.

எல்லாம் இருக்கிற ஆளுக்கு ஆசை வர ஒரே வழிதான் இருக்கிறது. இருப்பதில் ஒன்றைக் குறைக்க வேண்டும். இதை யார் யோசித்தாலும் இந்த முடிவுக்குத்தான் வருவார்கள். அவரிடம் என்னென்ன இருக்கிறது என்று பார்த்தேன். லாரி போனால் இன்சூரன்ஸ் கொடுத்துவிடும். குடிசை போனால் புதிதாகக் கட்டிவிடுவார், அதையும் ரசித்துச் செய்வார். அம்மா அரிசோனாவுக்குப் போய் ஆறு வருடமாகிறது, அவரை மறுபடி போகச் சொல்ல முடியாது. நான் காணாமல் போகலாம். ஆனால் நானே போய்விட்டால் கேமராவை யார் பிடிப்பது? மிச்சம் இருந்தது ரூடிதான்.

அப்பா பனி வாரப் போயிருந்த ஒரு காலையில் ரூடியை வண்டியில் ஏற்றி, ஏரிக்கு அக்கரையில் தனியாக இருக்கும் தெல்மா க்வாம் வீட்டில் விட்டேன். அதன் போர்வை, மூட்டுவலி மாத்திரை, ரப்பர் வாத்து எல்லாவற்றையும் கொடுத்தேன். நான் கல்நெஞ்சக்காரி அல்ல.

"அப்பாவுக்கு நாய் முடி ஒத்துக்கல ஆன்ட்டி. கொஞ்ச நாள் வச்சிக்கிறீங்களா? அவர்கிட்ட மட்டும் இதப்பத்திக் கேட்டுடாதீங்க, மனசு கஷ்டப்படுவார்," என்றேன்.

"நான் ஏன் கேக்கப்போறேன்? அடுத்த வீட்டு விஷயம் எனக்கெதுக்கு?" என்றார் தெல்மா.

நீங்களும் இந்த ஊர்க்காரர்தான். கேட்காதே என்று சொன்னால் நம் மின்னசோட்டாவில் கல்லறை வரைக்கும் கேட்கமாட்டார்கள். பிறகு தபால் நிலையத்தில் 'காணவில்லை' என்று ரூடியின் படம் ஒட்டியிருந்ததைத் தெல்மா பார்த்திருக்கிறார். பாவம் லைல், நாயைக் கொடுத்துவிட்டேன் என்று சொல்ல வெட்கப்பட்டு இப்படி ஒட்டியிருக்கிறான் என்று நினைத்துக்கொண்டு, பேசாமல் தபால்தலை வாங்கிக்கொண்டு போய்விட்டாராம்.

முதல் வாரத்துப் படப்பிடிப்பு நான் எதிர்பார்த்ததைவிட நன்றாக வந்தது. அப்பா லாரியில் உட்கார்ந்து, ரூடி உட்காரும் இருக்கையைப் பார்த்துக்கொண்டே பேசினார். அவர் அவ்வளவு நீளமாகப் பேசி நான் கேட்டதில்லை. "உங்கம்மா போனப்ப இவன்தான் ரெண்டு நாளு கதவ விட்டு நகரல. நான்கூட நகந்துட்டேன்," என்றார். பிறகு அழுதார். என் கை ஆடவில்லை. அந்தக் காட்சியில் ஒரு சின்ன நடுக்கம்கூடக் கிடையாது, நீங்களே பார்க்கலாம்.

பிறகு ஊர் கூடியது. உங்கள் போலீஸ் ஆட்கள் பனிமேல் ஓடும் ஸ்னோமொபைலில் காடு முழுக்கத் தேடினார்கள். நீங்கள் பனியில் மண்டியிட்டுக் கால்தடம் பார்க்கும் காட்சியை நான் வெட்டவே இல்லை, நன்றாக வந்திருக்கிறீர்கள். அது நரியின் தடம் என்று எனக்குத் தெரியும், ஆனால் குறுக்கிடுவது ஆவணப்பட தர்மம் அல்ல. வீட்டு வாசலில் தினமும் ஒரு ஹாட்டிஷ் வந்து உட்காரும். அரைத்த மாட்டிறைச்சி, காளான் சூப், மேலே உருளைக்கிழங்கு உருண்டை. துக்க வீட்டுக்கு இந்த ஊர் வேறொன்றும் சொல்லாது, இதைச் சுட்டுக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போகும். பாத்திரத்தின் அடியில் அவரவர் பெயரை ஒட்டியிருப்பார்கள். கழுவித் துடைத்து, கையோடு கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். சர்ச்சுக்குப் போகாதவன்கூட இதில் தவறமாட்டான்.

நான் கோட்டைவிட்டது இங்கேதான். தெல்மாவும் ஒரு ஹாட்டிஷ் அனுப்பியிருந்தார். நாயைப் பிரிந்த துக்கம் நாய் முடியால் வந்தாலும் துக்கம்தானே என்று நினைத்திருக்கிறார். அதை நானே இரண்டு தட்டு சாப்பிட்டேன், நன்றாக இருந்தது. பாத்திரத்தை யார் திருப்பிக் கொடுப்பார் என்று யோசிக்கவில்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தவள், சோற்றுப் பாத்திரத்தை மறந்துவிட்டேன்.

அப்பா போய்க் கொடுத்துவிட்டு வந்தார். எதுவும் சொல்லவில்லை. அவர் எதுவும் சொல்லாதது எங்கள் வீட்டில் ஒரு தடயம் ஆகாது.

ஆனால் அன்றிலிருந்து படத்தில் அவர் மெருகேறினார். "இன்னிக்கு எடுக்கறியா? வெளிச்சம் நல்லாருக்கு," என்று அவரே கேட்பார். "இப்படி நடந்து வரட்டுமா, இல்ல அந்த மரத்துப் பக்கமிருந்து வரட்டுமா?" என்பார். சோகம் மனிதரைப் பக்குவப்படுத்துகிறது என்று என் குரலில் ஒரு வரிகூடப் பதிவு செய்தேன். ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும், "இன்னிக்கு நான் தனியாப் போய்த் தேடறேன். கேமரா வேணாம்," என்று கிளம்பிவிடுவார். திரும்பி வரும்போது பேன்ட் முழுக்க நாய் முடி ஒட்டியிருக்கும். பழைய கோட்டிலிருந்து ஒட்டியதாக்கும் என்று நினைத்து அதை மிக நெருக்கத்தில் எடுத்து, பின்னால் செல்லோ இசை சேர்த்தேன். இப்போது பார்த்தால் அந்த இடம் எனக்கே கூச்சமாக இருக்கிறது.

ஏரியில் நடந்ததைப் பற்றித்தான் ஊரில் ஒரு மாதிரியாகப் பேசுகிறார்கள். அன்றும் ஞாயிறுதான். படம் முடிக்க நாள் நெருங்கியதால், அவர் காலரில் சின்ன மைக் ஒன்றை மாட்டிவிட்டு, கரையிலிருந்தாவது எடுத்துக்கொள்கிறேன் என்றேன். அவர் ஏரியைக் குறுக்காகக் கடந்தார். ஓடை வந்து சேரும் இடத்தில் பனிக்கட்டி எப்போதும் மெல்லியதுதான். அவருக்கு அது தெரியும். ஏதோ அவசரம். காலடியில் முறிந்து, நெஞ்சளவு தண்ணீரில் இறங்கிவிட்டார்.

கயிறு என் காலடியில்தான் கிடந்தது, அதை மறுக்கவில்லை. ஆனால் அவர் முதலில் கேட்டது கயிறு அல்ல.

"எடுத்தியா?" என்று கத்தினார்.

"கொஞ்சம் இந்தப் பக்கம் திரும்புங்கப்பா," என்றேன்.

திரும்பினார். குளிரில் மூளை கலங்கிப் பேசுகிறார் என்றுதான் நினைத்தேன். முகம் தெளிவாக விழுந்ததும் கேமராவைத் தாங்கியில் பூட்டிவிட்டு, கயிற்றை வீசி இழுத்தேன். கையில் வைத்துக்கொண்டே இழுத்திருந்தால் படமும் ஆடியிருக்கும், அப்பாவும் நழுவியிருப்பார். கோட்டைக் கழற்றியபோது உள்ளே அந்தக் கல்லூரி ஸ்வெட்டரைப் போட்டிருந்தார். முந்தைய காட்சிகளில் அது இல்லாததால் எனக்குக் காட்சித் தொடர்ச்சி கெட்டது. கைக்குக் கிடைத்ததைப் போட்டிருப்பார். பையில் ஈரல் துண்டுகள் இருந்தன. ரூடியை வரவழைக்க வைக்கும் இரை என்று நினைத்துக்கொண்டேன்.

நேற்று படத்தொகுப்பில் உட்கார்ந்து, காதில் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு அந்தக் காட்சியைக் கேட்டேன். தண்ணீர்ச் சத்தம், அப்பாவின் பல் தந்தியடிக்கும் சத்தம், தூரத்தில் ஒரு நாய் குரைப்பு. அது ரூடியின் குரைப்புதான். அப்பா அக்கரைப் பக்கம் பார்த்து, பதற்றமே இல்லாமல், "அங்கயே இருடா ரூடி. துணி மாத்திட்டு வரேன்," என்கிறார்.

உடனே போய் அப்பாவை எழுப்பிக் கேட்டேன்.

"உங்களுக்குத் தெரியுமா?"

"பாத்திரம் குடுக்கப் போனேன்ல. கதவத் தொறந்ததும் ரூடிதான் ஓடி வந்தான். கொஞ்சம் குண்டாயிட்டான்."

"அப்ப அந்த அழுகையெல்லாம்?"

"மொத தடவ அழுததுதான் நெசம். மத்ததுக்கெல்லாம் கொஞ்சம் கஷ்டப்பட்டேன். பரவால்லியா இருந்துச்சா?"

இப்போது என் நிலைமையை யோசித்துப் பாருங்கள், டெபுடி. படத்தில் எதுவும் நடிப்பல்ல, எல்லாம் உண்மையாக நடந்தது என்று கையெழுத்துப் போட்டு நாளைக்குள் கல்லூரிக்கு அனுப்ப வேண்டும். நான் நாயை ஒளித்தது உண்மை, ஊர் தேடியது உண்மை, நீங்கள் நரியைத் துரத்தியது உண்மை. பொய்யாக இருந்தது ஒரே ஒரு ஆள். பெற்ற மகளை, அதுவும் கேமராவுக்கு முன்னால், வாரக்கணக்கில் ஏமாற்றியிருக்கிறார். என் குற்றத்தை நான் ஒப்புக்கொண்டுவிட்டேன். ஸ்னோமொபைல் பெட்ரோலுக்கு என்ன தண்டனையோ கொடுங்கள். ஆனால் அவர்மேல் ஒரு புகார் எழுத இடமிருக்கிறதா என்பதையும் பார்த்துச் சொல்லுங்கள்.

ஒரு நல்ல முடிவாவது கிடைக்கட்டும் என்று இன்று காலை கடைசியாக ஒருமுறை கேமராவைப் போட்டேன். ரூடி வந்துவிட்டது, அவர் மடியில் தலையை வைத்துப் படுத்திருந்தது. இன்னும் காயாத அந்த ஸ்வெட்டரைக் கணப்பின்மேல் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தார் அப்பா.

"உண்மையைச் சொல்லுங்கப்பா. உங்களுக்கு என்னதான் வேணும்?" என்று கேட்டேன்.

"நீ அந்தக் காலேஜுக்குப் போயிட்டாப் போதும்," என்றார்.

நான் கேட்டது அவரைப் பற்றி, அவர் சொன்னது என்னைப் பற்றி. கேமராவை நிறுத்திவிட்டேன். மூன்று மாதம், ஒரு நாய், ஓர் ஏரி, இவ்வளவும் செலவழித்த பிறகும், இந்த மனிதருக்கு என்ன வேண்டும் என்று எனக்குத் தெரியவே இல்லை.