ஓலை வாசிக்காத கல்யாணம்

— அழாதே ஃப்ளோரா. மொதல்ல அந்தப் பெஞ்சுல ஒக்காரு. தூசியா இருக்கும், தட்டிட்டு ஒக்காரு. குண்டுக்குப் பயந்துண்டு ஆத்தைப் பூட்டிட்டுக் கும்பகோணம் போனவா, நேத்துதான் மயிலாப்பூர் வந்து சேர்ந்தோம். என்னோட ஒண்ணாப் படிச்சவன் அல்போன்ஸ் வாத்தியார், அவன் போன சமாசாரத்தை எனக்குப் பால்காரன் வந்து சொல்றான்.

— நான் நின்னுக்கிறேன் வக்கீலய்யா. ரொம்ப நேரம் ஊட்ட உட்டு வரக் கூடாது. வாத்தியாரு புள்ள பூட்டை மாத்திட்டாலும் மாத்திடுவாரு.

— யாரு, ஆரோக்கியநாதனா? திருச்சியிலேர்ந்து வந்திருக்கானா?

— அடக்கத்துக்கு வந்தவரு இன்னும் போவலை. நான் கீறேன்னு இத்தினி வருசமா அப்பன் ஊட்டு வாசப்படியை மெதிக்காதவரு, இப்போ ரூம் ரூமா அளந்துக்கினு கீறாரு. ஜப்பான்காரன் வரான்னு சாந்தோமே காலியாக் கெடக்குது. இதுல கடல் பக்கத்து ஊட்டை எவன் வாங்குவான்னு பார்த்தா, அதுக்கும் ஆள் புட்ச்சிட்டாரு. சமையல்காரிக்கு இங்க இன்னா வேலை, மூட்டையக் கட்டுன்றாரு. உயில் என் பேருக்கு கீதுன்னு சொல்லியும் கேக்கலை.

— சொல்லிண்டே இருக்கட்டும். உயிலைக் கொண்டு வந்தியோ?

— இதோ. மாதா படத்துக்குப் பின்னால சொருகி வச்சிருந்தாரு.

— குடு, பார்ப்போம். ம்... எங்க குமாஸ்தா கபாலி எழுத்து. 'என்னோடிருந்து என்னைப் பராமரித்து வரும் ஃப்ளோராவுக்கே மேற்படி வீடும் மனையும் சர்வ சுதந்திரமாய்ச் சேரவேண்டியது.' டாக்டர் வலியுல்லா சாட்சி. எதிர்வீட்டுப் பவுல்சாமி சாட்சி. போறுமே! ஆரோக்கியநாதன் ஹைகோர்ட் வரைக்கும் போனாலும் ஒரு செங்கல்லை அசைக்க முடியாது. அது ஒன் வீடு.

— நெசமாவா சொல்றீங்க?

— பிள்ளை கையில ஒன்னை விட்டுட்டுப் போகப்படாதுன்னுதானே எழுதினான்?

— மாதாவே! அந்த ஊட்ட உட்டா எனக்குப் போக்கிடம் இல்லை வக்கீலய்யா. அவரு சம்சாரம் காசத்துல படுத்தப்போ, பாத்துக்க வந்தவ நான். அந்தம்மா போயும் நான் போவலை. அப்புறம் அந்த ஊட்ல நான் யாரா இருந்தேன்னு தெருவுக்கே தெரியும். ஆனா ஞாயித்துக்கெழமை பூசைக்கு அவரு முன்னால போவாரு. நான் நாலு ஊடு தள்ளிப் பின்னால போவேன். கோயில்லயும் தூணாண்டதான் நிப்பேன்.

— அது அவனுக்கும் உறுத்திண்டுதான் இருந்தது. ஈஸ்டர் கழிஞ்சதும் கல்யாணம் பண்ணிக்கறேன்னான்.

— என்னாண்டயும் சொன்னாரு. எங்கள்ள மூணு ஞாயிறு கோயில்ல ஓலை வாசிக்கணும். இன்னாரு இன்னாரைக் கட்டப் போறாரு, யாருக்குன்னா தடை கீதான்னு சாமியாரு சபையிலயே கேப்பாரு. அதுக்குள்ள விசாகப்பட்ணத்துல குண்டு போட்டுட்டான், சனமெல்லாம் ஓடிப்போச்சு. ஊர் திரும்பட்டும், அப்புறம் பாக்கலாம்னு உட்டுட்டாரு. எனக்குப் புரிஞ்சுபோச்சு. என் பேரை அத்தினி பேர் நடுவுல வாசிக்கறதுக்கு அவருக்கு வெக்கம்.

— அப்படிச் சொல்லாதே. நான் மறுநாள் ரயில்ல கெளம்பறேன், அவன் நடுங்கிண்டு வந்து நிக்கறான். மூணு ஞாயிறு யாரு காத்துண்டிருக்கறது? மொதல்ல உயிலை எழுதிடு, கல்யாணம் பின்னாடின்னு நான்தான் சொன்னேன். ஒண்ணை மட்டும் அவன்ட்ட படிச்சுப் படிச்சுச் சொன்னேன்.

— இன்னா அது?

— அது இப்போ எதுக்கு? கல்யாணம்தான் நடக்கவே இல்லையே.

— நடந்துச்சு வக்கீலய்யா.

— என்ன சொல்றே?

— அவரு போன அன்னிக்கு. வாதம் வந்து வாய் இழுத்துக்கிச்சு, கையெழுத்து போடற கை செத்துப்போச்சு. சாகறவங்களுக்கு எண்ணெய் பூசற அவஸ்தைப்பூசுதல் குடுக்க சாமியாரு வந்தாரு. 'இவளைக் கட்டிக்க, இல்லேன்னா வெளிய அனுப்பு. ரெண்டுல ஒண்ணு பண்ணாத்தான் பூசுவேன். சாகற நேரத்துல ஓலை வாணாம்'னாரு. எனக்கு சந்தோசத்துல அழுகையே வந்துட்ச்சு. ஆனா அவரு... வாணாம் வாணாம்னு தலையை ஆட்டுனாரு.

— ஆட்டினானா?

— கண்ணுல தண்ணி ஊத்துது, ஆட்டிக்கினே கீறாரு. நல்ல கையால அந்த மாதா படத்தைக் காட்டிக் காட்டி ஆட்டுனாரு. மாதா மேல சத்தியமா இவ வாணாம்ன்றாரேன்னு என் நெஞ்சு வெடிச்சுப்போச்சு. சாமியாரு எதிர்லயே கேட்டுட்டேன். 'சாவுறப்பவும் நான் சமையல்காரிதானா? மோட்சத்துக்கும் நாலு ஊடு தள்ளித்தான் வரணுமா?'ன்னு.

— ஐயோ. அதுக்கு என்ன பண்ணினான்?

— கை பொத்துனு கீழ உழுந்துச்சு. என் மூஞ்சியவே ரொம்ப நேரம் பாத்தாரு. அப்புறம் சரின்னு ஒரு தடவை தலையசைச்சாரு. பவுல்சாமிதான் தன் மோதிரத்தைக் கழட்டிக் குடுத்தாரு. பொழுது சாயறதுக்குள்ள போய்ட்டாரு.

— நீங்க... நீங்க கொஞ்சம் ஒக்காருங்கோ.

— இன்னாங்க, புச்சா மரியாதை குடுக்கறீங்க?

— அல்போன்ஸ் ஆத்துக்காரியை வேற எப்படிக் கூப்பிடறது? இது ஆரோக்கியநாதனுக்குத் தெரியுமோ?

— நேத்துதான் சொன்னேன். சும்மா சமையல்காரி சமையல்காரின்னா? கோயில்ல எழுதிக் குடுத்த காயிதத்தை மூஞ்சிக்கு நேரா நீட்டுனேன். வாங்கிக்கினு யாரோ வக்கீலைப் பாக்கப் போனாரு. திரும்பி வந்து சிரிச்சுக்கினே, 'சித்தி, காபி கெடைக்குமா'ன்னாரு. மனசு எளகிட்ச்சுன்னு நெனைச்சேன்.

— எளகலைம்மா. எங்களவாளுக்கு இந்த வில்லங்கம் கெடையாது. உங்க கிறிஸ்தவாளுக்குன்னு சட்டம் வேற. உயில் எழுதி வச்சவன் அப்புறம் கல்யாணம் பண்ணிண்டா, அந்த உயில் அப்பவே செல்லாமப் போயிடும். எழுதவே எழுதாத மாதிரி. சொத்துல பிள்ளைக்கு மூணுல ரெண்டு பங்கு, உங்களுக்கு ஒண்ணு. வித்துத்தான் பிரிக்கணும்னு நிப்பான்.

— அப்போ சமையல்காரியாவே இருந்திருந்தா ஊடு எனுது. பொஞ்சாதி ஆனதால போச்சு.

— ஆமாம்மா. இதைத்தான் அவன்ட்ட படிச்சுப் படிச்சுச் சொன்னேன். கல்யாணம் ஆன கையோட நான் எங்கே இருந்தாலும் தேடிண்டு வா, புதுசா உயில் எழுதிடணும், இல்லேன்னா அவ தெருவுல நிப்பான்னு.

— இருங்க. இது அவருக்குத் தெரியுமா?

— நன்னாத் தெரியும். இனிமே புதுசா எழுத கையும் இல்லை, சொல்ல வாயும் இல்லைன்னும் அவனுக்குத் தெரிஞ்சிருக்கும். கோர்ட்ல ஏதாவது செய்ய முடியுமான்னு பார்க்கறேன், ஆனா நம்பிக்கை குடுக்க எனக்கு வாய் வரலை.

— கோர்ட்டு கெடக்குது. அந்த மாதா படம்... உயில் அதுக்குப் பின்னாலதானே இருந்துச்சு?

— ஆமாம்மா.

— அப்போ என்னைக் கட்டிக்க வெக்கப்பட்டுக்கினு இல்லியா வக்கீலய்யா, அவரு தலையாட்டுனது?