உள்ளே விட்ட துணி

பெயரும் முகவரியும் தனித்தாளில் எழுதி வாங்கிக்கொள்ளப்பட்டன. வயது நாற்பத்து மூன்று. தொழில் தையல். மார்க்கெட் தெருவில் சைக்கிள் கடைக்கு மேலே உள்ள மாடியில் முன்னறை எங்கள் கடை, பின்னறை வீடு. இறந்துபோனவர் என் கணவர். ஊரில் அவரை மாஸ்டர் என்பார்கள். ஓயாமல் பேசுவதால் என்னை ரேடியோ என்பார்கள். அந்தப் பெயரை எனக்கு வைத்தவரும் அவர்தான். என்னை யாரும் மிரட்டவில்லை, ஆசை காட்டவும் இல்லை. சுருக்கமாகச் சொல்லும்படி இன்ஸ்பெக்டர் கேட்டுக்கொண்டார். முயற்சி செய்கிறேன்.

என் கணவருக்கு மூக்கின் மேல் கோபம். கழுத்தில் டேப்பைப் போட்டுக்கொண்டே டேப்பை எவன் எடுத்தான் என்று கத்துவார். நான் வாயைத் திறந்தால் "ஏ ரேடியோ, கொஞ்சம் ஆஃப் பண்ணு" என்பார். ஆனால் குழந்தைகள் துணி என்று வந்துவிட்டால் அவர் வேறு ஆள். வளர்கிற பிள்ளை என்று சொல்லி மடிப்புக்குள் தாராளமாகத் துணி விட்டுத் தைப்பார். பிறகு பிரித்துவிட்டால் இன்னும் கொஞ்ச காலம் போட்டுக்கொள்ளலாம். எந்தத் தாயும் கேட்டதில்லை, அவராகவே விடுவார். எங்களுக்கு ஒரே மகள், அவளும் வெகுநாள் கழித்துப் பிறந்தவள். அதனால் அப்படிச் செய்கிறார் என்று நான் நினைத்துக்கொள்வேன்.

வானத்திலிருந்து அந்தப் பொருள் பேருந்து நிலையக் கூரையில் விழுந்தது தாங்கள் அறிந்ததே. ஊறிய பஞ்சுமூட்டை போல இருந்தது. ஊரே போய் அதனோடு நின்று படம் எடுத்துக்கொண்டது. நானும் எடுத்துக்கொண்டேன். அதன் பிறகு ஒரு கண்டக்டர் பயணிகளைப் பார்த்து "மெதுவா ஏறுங்க, அவசரமே இல்ல" என்று சொல்ல ஆரம்பித்தார். நகராட்சி குமாஸ்தா முதல் தடவையிலேயே வந்தவர்களை உட்காரச் சொன்னார். ஊர் அப்போதே சுதாரித்திருக்க வேண்டும். நல்ல காலம் பிறந்துவிட்டது என்று எல்லோரும் வாயைப் பிளந்துகொண்டிருந்தோம்.

அதன் பிறகு சுகாதாரத் துறை நர்ஸ் மைக் கட்டிய வண்டியில் வந்து அறிவித்தார். அது காது வழியாக ஏறிப் பிடரியில் உட்காரும் பூச்சி என்றார். பிடித்தவர்கள் சாந்தமாகிவிடுவார்கள், வாளித் தண்ணீரில் காலை வைத்துக்கொண்டு உட்காருவார்கள், அடுத்தவர் காதில் வாய் வைத்துப் பரப்புவார்கள் என்றார். சூடு பட்டால் பூச்சி கழன்றுவிடும், ஆனால் ஊசி போட்ட பிறகே ஆவி காட்ட வேண்டும், ஊசி இல்லாமல் சூடு பட்டால் ஆளின் உயிருக்கே ஆபத்து, வீட்டில் யாரும் செய்யக்கூடாது, பள்ளிக்கூட முகாமுக்கு அழைத்து வாருங்கள் என்றும் சொன்னார். இதை நான் காதால் கேட்டேன். தெரியாது என்று சொல்லமாட்டேன்.

அந்தக் கண்டக்டர் காற்சட்டைக்கு அளவு கொடுக்க வந்து என் கணவரின் காதில் ஏதோ சொல்லிவிட்டுப் போனார். மறுநாள் காலையில் என் கணவர் துணி நனைக்கிற வாளியில் காலை வைத்துக்கொண்டு மிஷின் முன்னால் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்து "சாப்பிட்டியா?" என்றார். எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. அன்றைக்கே மகளை என் தங்கை வீட்டுக்கு அனுப்பிவிட்டேன். அதன் பிறகு, தைத்து வாங்கிப்போன சீருடைகளைத் தாய்மார்கள் திருப்பிக் கொண்டுவந்தார்கள். ஒரு அம்மாள், "என்ன மாஸ்டர், புள்ள ஒரு வாய் கூடச் சாப்பிட்டா கிழிஞ்சிடும் போலிருக்கே, பிரிக்க உள்ள துணியே இல்லையே" என்றார். பிரித்துப் பார்த்தேன். அளவுக்கு மேல் ஒரு நூல்கூட விடவில்லை. தைத்தது இவர் இல்லை என்று அப்போது எனக்கு உறுதியாயிற்று.

ஏன் முகாமுக்கு அழைத்துப் போகவில்லை என்று கேட்கிறீர்கள். அவர் நான் பேசுவதைக் கேட்டார். அதுதான் காரணம். எதையாவது சொல்லி நிறுத்தினால் "அப்புறம்?" என்று கேட்பார். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் என்னை யாரும் அப்படிக் கேட்டதில்லை. என் அம்மா இறந்த அன்று என்ன நடந்தது என்பதை முதல் தடவையாக முழுதாகச் சொன்னேன். வாளியில் கால் வைத்தபடி கேட்டுக்கொண்டே இருந்தார். சந்தோஷமாக இருந்தேன். பூச்சி என்று தெரிந்தும் சந்தோஷமாகத்தான் இருந்தேன். நாளைக்கு அழைத்துப் போகலாம், நாளைக்கு அழைத்துப் போகலாம் என்று தள்ளிப்போட்டேன். அந்த நாட்களில் அவர் எங்கள் மகளுக்கு ஒரு நீலக் கவுன் தைத்துக்கொண்டிருந்தார்.

சம்பவத்தன்று காலை, அப்பா வேண்டும் என்று மகள் அடம்பிடிக்கிறாள் என்று தங்கை அவளைக் கொண்டுவந்து கீழே விட்டுவிட்டுப் போய்விட்டாள். அவள் மாடிப்படியில் ஓடிவந்ததும் அவர் வாளியிலிருந்து காலை எடுத்தார். நான் தடுப்பதற்குள் அவளுக்குக் கவுனை மாட்டி, மண்டியிட்டு ஓரத்தைச் சரிசெய்தார். அதன் பிறகு அவள் தலையைப் பிடித்து, காதில் வாயை வைத்தார். நான் மேஜையில் இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தேன். அந்தப் பெட்டியை அப்படியே அவர் பிடரியில் அழுத்தினேன். திரும்பி என்னைப் பார்த்தார். அதன் பிறகு சாய்ந்துவிட்டார்.

உரித்த சின்ன வெங்காயம் அளவில் ஒன்று அவர் கழுத்திலிருந்து இறங்கி, தரையில் கிடந்த பித்தான்களுக்கு நடுவே நடந்து போய், வாளியில் குதித்தது. சத்தம் கேட்டு வந்த சைக்கிள் கடைக்காரர் வாளியைத் தட்டால் மூடி அதன் மேலேயே உட்கார்ந்துவிட்டார். முகாமிலிருந்து ஆட்கள் வந்து எழுந்திரு என்ற பிறகும் அவர் எழுந்திருக்கவில்லை. டாக்டர் மகளின் காதைச் சோதித்து ஒன்றும் ஏறவில்லை என்றார்.

அதன் பிறகு, அப்பா என்ன சொன்னார் என்று மகளைக் கேட்டேன். அவள் சொன்னதைச் சொன்னபடியே எழுதிக்கொள்ளுமாறு வேண்டுகிறேன். "உள்ள நெறையத் துணி விட்டிருக்கேன், நீ வளந்ததும் அம்மாவைப் பிரிச்சு விடச் சொல்லு. இப்பவே அந்த ரேடியோகிட்ட சொல்லிடாத, ஊருக்கே தெரிஞ்சுடும்னு சொன்னாரும்மா." அந்த நாட்கள் முழுவதும் அவர் என்னை ரேடியோ என்று ஒரு தடவைகூடக் கூப்பிட்டிருக்கவில்லை.

சிலருக்குப் பூச்சி தானாகவே பலம் குறைந்து பழைய ஆள் மெல்ல மேலே வருகிறார் என்று டாக்டர் சொன்னார். முகாமில் அந்தக் கண்டக்டர் காரணமே இல்லாமல் எல்லோரையும் "உள்ள போ, உள்ள போ" என்று கத்தினாராம், அவர் மனைவி சந்தோஷத்தில் அழுதாராம். பூச்சியே அவரைப் போலப் பேசக் கற்றிருக்கலாமே என்று இன்ஸ்பெக்டர் கேட்டார். நல்ல மனதோடுதான் கேட்டார். கவுனின் மடிப்பை நான் பிரித்துப் பார்த்தேன். உள்ளே நான்கு விரல் துணி இருக்கிறது. அவர் திரும்பி வந்துகொண்டிருந்தார். வந்தவரைத்தான் நான் கொன்றேன்.

நீலக் கவுன் சான்றுப்பொருளாக எடுத்துக்கொள்ளப்பட்டது. வழக்கு முடிந்துதான் தருவோம், நாளாகும் என்றார்கள். ஆகட்டும். பிரித்துவிட உள்ளே துணி இருக்கிறது.

இதை எனக்கு வாசித்துக் காட்டினார்கள். நான் சொன்னதுதான் இதில் இருக்கிறது, சொன்னவை அனைத்தும் உண்மை.

(ஒப்பம்)