மஞ்சள் கோடு

பாத்திரம் தேய்க்கிற பஞ்சை எப்படி வைக்க வேண்டும் என்பதில் எனக்குப் பெரிய கருத்து எதுவும் கிடையாது. தேய்த்தோமா, பிழிந்தோமா, ஓரமாகப் போட்டோமா என்று இருப்பவள் நான். என் வீட்டுக்காரருக்குக் கருத்து உண்டு. தண்ணீர் வடிய வேண்டுமென்றால் பஞ்சு நிமிர்ந்து நிற்க வேண்டும், அதுவும் சுவரைத் தொடாமல். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற முதல் வாரத்திலேயே இதை எனக்கு விளக்கினார். கேட்டுக்கொண்டேன். கேட்டுக்கொள்வதில் எனக்கு எப்போதும் சிரமம் இருந்ததில்லை.

அவரைக் குறை சொல்ல இதைச் சொல்லவில்லை. தங்கமான மனிதர். ஒரு தொழிற்சாலையில் கடைசிவரை தரம் பார்க்கிற வேலையில் இருந்தவர். நட்டுகள் சரியாக முறுக்கியிருக்கிறதா என்று சோதிப்பார், சரியாக இருந்தால் மேலே மஞ்சள் பெயின்டில் ஒரு கோடு இழுப்பார், அடுத்ததற்குப் போவார். கோடு இருந்தால் வேலை முடிந்தது என்று அர்த்தம். கோடு போட்ட நட்டை மறுபடி யாரும் தொடக்கூடாது, அவரும் தொடமாட்டார். இப்படியே காலத்தை ஓட்டிய மனிதரைத் திடீரென்று வீட்டில் உட்காரச் சொன்னால் எங்கே போவார்? சமையலறைக்கு வந்தார்.

டப்பாக்களை உயரப்படி அடுக்கினார். நான் காய் நறுக்கினால் ஒரு துண்டை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டுக் கீழே வைத்தார். என் தங்கையிடம் போனில் பேசி முடித்தால், அதையே எப்படிச் சுருக்கமாகப் பேசியிருக்கலாம் என்று சொல்லித் தந்தார். குரலை உயர்த்தவே மாட்டார். உயர்த்தினால் நானும் பதிலுக்கு நாலு வார்த்தை கேட்டுவிட்டு நிம்மதியாகத் தூங்கியிருப்பேன். பொறுமையாகத் திருத்துகிறவரை என்ன செய்ய முடியும், சொல்லுங்கள்.

அந்தச் சமயத்தில்தான் அவருடைய அண்ணனுக்கு, நான் அத்தான் என்று கூப்பிடுகிறவருக்கு, நெஞ்சில் ஆபரேஷன் நடந்தது. வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள், ஆனால் டாக்டர் நம்பிக்கையாக ஒன்றும் சொல்லவில்லை. இருக்கிற நாளில் ஆசைப்பட்டதைச் செய்யுங்கள் என்றுதான் சொன்னாராம். நாங்கள் பார்க்கப் போனபோது அத்தான் தலையணையில் சாய்ந்துகொண்டு தம்பியைக் கூர்ந்து பார்த்தார்.

"டேய், அந்தக் கார் இன்னும் இருக்கா?"

"இருக்குண்ணே. கொட்டகையில கெடக்கு."

"ஏரியைச் சுத்தி ஒரே ஒரு ரவுண்டு. நீ ஓட்டு. நான் பக்கத்துல உக்காந்துக்கறேன்."

கல்யாணத்துக்கு முன்னால் அண்ணனும் தம்பியும் சேர்ந்து வாங்கிய கார் அது. இரண்டே சீட்டு, தரையோடு தரையாகப் படுத்துக்கிடக்கும் சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார். எங்கள் வீட்டுப் பின்புறக் கொட்டகையில் போர்வை போர்த்திக் கிடந்தது. இன்ஜின் இன்னும் ஓடியது. குலுக்கலைத் தாங்குகிற சஸ்பென்ஷன்தான் செத்துப்போயிருந்தது. ஒரு சின்னக் கல்லில் ஏறினாலும் இடுப்பில் இடிக்கும். நெஞ்சைத் தைத்து வைத்திருக்கிற மனிதரை அதில் ஏற்றினால் தையலே பிரிந்துவிடும். அதனால் சஸ்பென்ஷனை முழுசாகக் கழற்றிப் புதுசாக்கிவிட்டுத்தான் அண்ணனைக் கூட்டிப்போவது என்று இவர் அங்கேயே வாக்குக் கொடுத்துவிட்டார்.

மறுநாள் காலை கொட்டகைக்குப் போனவர் சாப்பாட்டுக்குத்தான் உள்ளே வந்தார். வீடு அப்படி அமைதியாக இருந்து நான் பார்த்ததே இல்லை. ரேடியோ போட்டேன். காயை இஷ்டத்துக்குக் கோணல்மாணலாக நறுக்கினேன். பஞ்சைத் தொட்டிக்குள் மல்லாக்கப் போட்டேன். எனக்கு அழுகையே வந்துவிட்டது, அவ்வளவு சந்தோஷம்.

அவரும் சந்தோஷமாகத்தான் இருந்தார், அதையும் சொல்ல வேண்டும். காரைத் தூக்கி இரும்புத் தாங்கிகளில் நிறுத்தினார். ஸ்பிரிங்கை அமுக்கிக் கழற்றினார். சக்கரத்தைத் தாங்கும் இரும்புக் கைகளைத் தேய்த்து, கறுப்பு பெயின்ட் அடித்து, என் துணிக்கொடியில் காயப்போட்டார். என் உள்பாவாடைக்கும் தலையணை உறைக்கும் நடுவில் அவை தொங்கின. சாயங்காலம் டார்ச் பிடிக்கக் கூப்பிடுவார், போவேன். பிடித்துக்கொண்டு நிற்கும்போது பாடம் நடக்கும்.

"இந்தக் கை வண்டியோட சேர்ற எடத்துல ரப்பர் வளையம் இருக்கு பாரு, புஷ்ஷுன்னு சொல்வாங்க. அதுக்குள்ள போற இந்த போல்ட்டை மட்டும் வண்டி தூக்கி நிக்கும்போது முறுக்கவே கூடாது. கையால லேசா திருகி விடணும். சக்கரத்தை மாட்டி, தரையில எறக்கி, வண்டி தன் கனத்துல உக்காந்த பெறகுதான் இறுக்கணும்."

"முன்னாடியே இறுக்கிட்டா?"

"சக்கரம் தொங்கற நெலையிலயே ரப்பர் புடிச்சுக்கும். எறக்கினதும் முறுக்கிக்கிட்டே கெடக்கும். கொஞ்ச நாள் ஓடினா கிழிஞ்சிடும். எல்லாத்தையும் திரும்பக் கழட்டணும். புரிஞ்சுதா?"

புரிந்தது. பொண்டாட்டிகள் சும்மா தலையாட்டுகிறார்கள் என்று நினைக்கிறவர்கள்தான் அதிகம்.

வேலை கடைசிக் கட்டத்துக்கு வந்தது. ஒருநாள் மத்தியானம் சாப்பிட்டுக்கொண்டே சொன்னார்: "நாளைக்கு எறக்கிடலாம். ஞாயித்துக்கிழமை அண்ணனை ஒரு ரவுண்டு கூட்டிட்டுப் போயிட்டு வந்துட்டா வேலை முடிஞ்சுது. அப்புறம் நிம்மதியா வீட்டோட இருக்கலாம்." சொல்லிவிட்டு சமையலறை அலமாரியை ஒரு பார்வை பார்த்தார். நான் எழுந்து அலமாரிக் கதவைச் சாத்தினேன்.

மறுநாள் அவர் குளிக்கப் போனார். காது மடல்வரை வரிசைப்படி குளிக்கிறவர், சீக்கிரம் வரமாட்டார். நான் கொட்டகைக்குப் போனேன். அவருடைய கருவிகள் ஒரு பலகையில் தொங்கும், ஒவ்வொன்றையும் சுற்றி அதன் உருவம் வரைந்திருக்கும். நீளக் கைப்பிடி வைத்த ஸ்பேனரை எடுத்தேன். கைப்பிடி நீளமாக இருந்தால் பலம் தேவையில்லை, இதுவும் அவர் சொல்லித் தந்ததுதான். சக்கரங்கள் இன்னும் மாட்டவில்லை, குனிந்தாலே எட்டியது. புஷ் போல்ட்டுகளை ஒவ்வொன்றாக இறுக்கினேன். பிறகு மஞ்சள் பெயின்டைத் திறந்து ஒவ்வொன்றின் மேலும் கோடு இழுத்தேன். அவருடைய கோடு முடிகிற இடத்தில் லேசாக மேலே ஏறும். அதையும் அப்படியே போட்டேன். ஸ்பேனரைத் துடைத்து அதன் உருவத்துக்குள் மாட்டிவிட்டு வந்து காய் நறுக்க உட்கார்ந்தேன்.

கொஞ்ச நேரத்தில் கூப்பிட்டார்.

"இதெல்லாம் நான் எப்ப முறுக்கினேன்?"

"நேத்து சாயங்காலம்தானே முறுக்கினீங்க. நான்தான் டார்ச் புடிச்சேன்."

"தரையில எறக்காம முறுக்க மாட்டேனே."

"எறக்கித்தான் முறுக்கினீங்க. அப்புறம் பிரேக் குழாயைப் பாக்கணும்னு திரும்பத் தூக்கி, சக்கரத்தையும் கழட்டினீங்க. மறந்துட்டீங்களா?"

குனிந்து கோட்டைப் பார்த்தார். விரலால் தொட்டுப் பார்த்தார். அதற்குள் காய்ந்திருந்தது. "கோடு இருக்கே" என்றார். அவ்வளவுதான். தன் ஞாபகத்தை நம்புவதா கோட்டை நம்புவதா என்று வந்தால் அவர் கோட்டைத்தான் நம்புவார். அந்த நேர்மை எனக்கு அவரிடம் பிடித்த குணம்.

இறக்கியதும் கார் மூக்கைத் தூக்கிக்கொண்டு நின்றது. புது ஸ்பிரிங், போகப்போக அமர்ந்துவிடும் என்றார். சோதித்துப் பார்க்காமல் அண்ணனை ஏற்றக்கூடாது என்று சில நாள் தனியாக ஓட்டிப் பார்த்தார். முதலில் கீச்சுக் கீச்சென்றது, பிறகு இடிக்க ஆரம்பித்தது. கீழே படுத்துப் பார்த்தால் ரப்பர் கிழிந்திருந்தது. புது ரப்பர் வெளிநாட்டிலிருந்து கப்பலில் வர வேண்டும். போனில் அத்தான் குரல் எனக்கும் கேட்டது. "என்னடா, ரெடியா?" "ரப்பர் சரியில்லண்ணே. வேற வரணும்."

ரப்பர் வந்தது. மறுபடி மாட்டினார். மறுபடி குளிக்கப் போனார்.

இரண்டாவது தடவை கிழிந்தபோது அவர் ரப்பரைத் திட்டவில்லை. கிழிந்த துண்டை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு வாசற்படியில் உட்கார்ந்திருந்தார். "ரப்பர் மேல தப்பில்ல. தொங்கும்போதே முறுக்கியிருக்கேன். எனக்கு ஞாபகமே இல்ல."

"வயசாகுதில்ல. விடுங்க" என்றேன். ஆறுதலாகத்தான் சொன்னேன்.

இடையில் ஒருநாள் நான் மட்டும் அத்தானைப் பார்க்கப் போனேன். நன்றாக இளைத்திருந்தார். கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு பழைய தொப்பி இருந்தது. அந்தக் காரில் போகும்போது போட்டுக்கொள்கிற தொப்பியாம், மகளிடம் சொல்லித் தேடி எடுத்து வைத்திருந்தார். எனக்கு மனசைப் பிசைந்தது. இதை மறைக்க நான் விரும்பவில்லை. இந்தத் தடவை ஒன்றும் செய்யக்கூடாது என்று நினைத்துக்கொண்டுதான் வீட்டுக்கு வந்தேன். வந்தால், இவர் சமையலறையில் நின்றுகொண்டு கரண்டிகளையெல்லாம் தரையில் பரப்பி வைத்திருந்தார். "புஷ் வர்ற வரைக்கும் சும்மாதானே இருக்கேன்" என்று சிரித்தார். இரக்கம் இருக்கட்டும், மனுஷிக்கு ஒரு அளவு இருக்கிறது.

மூன்றாவது செட் ரப்பரும் கிழிந்தது. அடுத்தது கப்பலில் வந்துகொண்டிருந்தபோது அத்தான் போய்ச் சேர்ந்துவிட்டார்.

எல்லாம் முடிந்து உட்கார்ந்திருந்தபோது அத்தானின் மகள் என் பக்கத்தில் வந்தாள். அழுதழுது முகம் வீங்கியிருந்தது.

"ஒரே ஒரு ரவுண்டுதானே சித்தி கேட்டார். கடைசிவரை தொப்பியை மடியிலயே வச்சிருந்தார். ஏன் சித்தி முடியவே இல்ல?"

ஏதாவது சொல்ல வேண்டியிருந்தது. "சித்தப்பாவுக்கு ஞாபகம் முன்ன மாதிரி இல்லம்மா. செஞ்சதையே மறந்துட்டுத் தப்பாச் செய்யறார். நாங்க வெளிய சொல்லிக்கல" என்றேன். அவள் என்னைக் கட்டிக்கொண்டாள். நான் எவ்வளவு தாங்கிக்கொண்டிருக்கிறேன் என்று அவளுக்கு அன்றைக்குத்தான் தெரிந்ததாம்.

இவர் கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். மறுத்துப் பேசுவார் என்று பார்த்தேன். "ஆமாம்மா. என்னாலதான்" என்றார். அவர் அழுது நான் பார்த்தது அன்றைக்கு ஒருநாள்தான்.

காரை விற்றுவிட்டார். கொட்டகைப் பக்கம் போவதில்லை. சமையலறைக்கு வருகிறார், ஆனால் எதையும் தொடுவதில்லை. ஸ்டவ்வை அணைத்தேனா, கதவைப் பூட்டினேனா, மாத்திரை போட்டேனா என்று என்னைத்தான் கேட்கிறார். நான் சொன்னால் சரி. ஒரு அறையிலிருந்து இன்னொரு அறைக்குப் போனால் பின்னாலேயே வந்து வாசலில் நிற்கிறார். டாக்டரிடம் கூட்டிப்போனேன். மூளையைப் படமெல்லாம் எடுத்துப் பார்த்துவிட்டு டாக்டர் சொன்னார்.

"மூளையில ஒரு கோளாறும் இல்ல. ஞாபகமெல்லாம் நல்லாத்தான் இருக்கு. தன் மேல இருந்த நம்பிக்கைதான் போயிடுச்சு. கூட யாராவது பொறுமையா இருந்து தைரியம் சொல்லணும்."

"நான் இருக்கேன் டாக்டர்" என்றேன். இவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

உண்மையைச் சொல்லியிருக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். ஒரே ஒரு வாக்கியம், மனிதர் அன்றைக்கே பழையபடி ஆகிவிடுவார், எனக்குத் தெரியாதா? ஆனால் அண்ணனைப் பறிகொடுத்து நொந்துபோயிருக்கிறவரிடம் போய் இதைச் சொல்ல எனக்கு மனசு வரவில்லை. கட்டிய மனைவி இப்படிச் செய்தாள் என்று தெரிந்தால் அவர் தாங்குவாரா? எல்லாவற்றையும் நானே சுமந்துகொண்டு போவதுதான் அவருக்கு நல்லது. எங்களுக்குள் இப்போதெல்லாம் சின்ன வாக்குவாதம்கூடக் கிடையாது.

இன்று காலை நான் பேப்பர் படித்துக்கொண்டிருந்தபோது வந்து நின்றார்.

"நான் காபி குடிச்சேனா?"

குடிக்கவில்லை. பால் ஒரு டம்ளருக்குத்தான் இருந்தது, அதை நான் குடித்துவிட்டிருந்தேன்.

"அப்பவே குடிச்சாச்சே" என்றேன்.

தலையாட்டிவிட்டுப் போய் உட்கார்ந்துகொண்டார். எப்படியும் காபி அவர் உடம்புக்கு ஆகாது.