ரூபன் ஓமெண்டால்தான்

எண்பதுகளின் கடைசியில் ஒரு ஞாயிறு காலை, லண்டனில் இல்ஃபோர்ட் போகும் பஸ்ஸின் மேல்தட்டில், எனக்கு முன்னால் இருவர் இருந்தார்கள். இளையவரின் மடியில் ஹொக்கி மட்டை கிடந்தது.

“ரூபனை வேறை கிளப்புக்குக் குடுக்க ரூபனிட்டையே கேக்கவேணுமாம். இது என்ன கதை, அண்ணை?”

நான் பேப்பரை மடித்துக்கொண்டேன்.

“எங்களிட்டை வரேக்கையே அப்பிடிப் பேசிப்போட்டுத்தானே வந்தவன்.”

“ஆர் ஓமெண்டது?”

“நான்தான். இல்லாட்டி அவன் வந்திருப்பானே?”

“சவுத்தால்காரர் அவனுக்குப் பதிலா ரெண்டு நல்ல பெடியளைத் தாறம் எண்டவை.”

“அங்கை போகமாட்டானாம். இல்ஃபோர்ட் எண்டால் மட்டும் சரியாம்.”

“அது இல்ஃபோர்ட்காரருக்குத் தெரிஞ்சால் ஒரு கோல்கீப்பரைக்கூடத் தரமாட்டினம்.”

“அவைக்குத் தெரியாது. சவுத்தால்காரரும் அவனை விடாமல் கேக்கினம் எண்டு நான் சொல்லுவன். நீ வாயைத் திறக்காமல் தலையை மட்டும் ஆட்டு.”

பஸ் நின்றது. பெரியவர் எழுந்துவிட்டார். இளையவர் யன்னலால் கீழே பார்த்தபடியே இருந்தார்.

“அண்ணை, இல்ஃபோர்ட்காரர் எங்களைக் கூட்டிக்கொண்டு போக வந்து நிக்கினம்.”

“நல்லது. இறங்கு.”

“ரூபனும் அவையோட நிக்கிறான். அவையின்ரை ஜேர்சி போட்டிருக்கிறான்.”