வியாழக்கிழமை பதினொரு கிலோமீட்டர்

– ...இது செல்லாது சார். திங்கக்கிழமை வீட்டுலேர்ந்து ஆபீஸுக்கு வந்ததுக்கும் வண்டி நோட்டுல எட்டு கிலோமீட்டர் போட்டிருக்கீங்க.

– வண்டி என் வண்டி. பெட்ரோலும் என்னுது. உருண்டா வர முடியும் மேடம்?

– உருண்டு வாங்க, பறந்து வாங்க. அது வேலைப் பயணம் கிடையாது. இங்கேர்ந்து கிளம்பி லிஃப்ட் ரிப்பேருக்குப் போனாத்தான் வரி இல்லாத பணம்.

– சரி, அடிச்சிடுங்க.

– நீங்களே அடிச்சு, பக்கத்துல கையெழுத்துப் போடுங்க. உங்க நோட்டுல நான் கை வெச்சா ஆடிட்டர் என்னைத் தொலைச்சிடுவார்.

– ஒரு நாளைக்கு நாலு லிஃப்ட் சரி பண்ணிடுவேன். இந்த ஒரு நோட்டு இருக்கே...

– இது சரியில்லைன்னா, கொடுத்த வண்டிப் பணம் மொத்தத்தையும் சம்பளமா எடுத்துக்கிட்டு வரி பிடிச்சிடுவாங்க. அப்புறம் என்கிட்ட வந்து கத்தக் கூடாது.

– நான் எப்பக் கத்தினேன்?

– எப்பவா? நல்லா யோசிச்சுப் பாருங்க.

– சரி. ஒரே ஒரு தடவை.

– மேல போவோம். வியாழக்கிழமை, சாயங்காலம் ஆறு பத்து. பதினொரு கிலோமீட்டர். ‘சொந்தம்’.

– சொந்தம்தான். அதுக்கு நான் பணம் கேக்கலையே?

– போன வியாழனும் பதினொண்ணு. அதுக்கு முந்தின வியாழனும். ரெண்டு மாசத்துல ஆறு வியாழன்!

– மீட்டர் ஓடினதை ஒண்ணு விடாம எழுதணும்னு சொன்னது யாரு?

– எழுதினது சரி. எங்க போனீங்கன்னு எழுதலையே.

– சொந்தப் பயணம்னா எழுத வேண்டாம். நீங்க ஒட்டின நோட்டீஸ்லயே இருக்கு. வரி ஆபீஸுக்கு அது தேவையில்லை.

– வரி ஆபீஸுக்குத் தேவையில்லை...

– பின்ன யாருக்குத் தேவை?

– நாங்க குடியிருக்கற கட்டடம் இங்கேர்ந்து அஞ்சரை கிலோமீட்டர். போக வர பதினொண்ணு.

– அஞ்சரை கிலோமீட்டர்ல எத்தனையோ இருக்கு மேடம். பல் டாக்டர், டயர் கடை...

– ஆறு வியாழனும் டயர் மாத்தினீங்களா? நாங்க குடிபோன நாள்லேர்ந்து பாதி மாடியில நின்னு உயிரை வாங்கின லிஃப்ட், இப்ப சத்தமே இல்லாம ஓடுது.

– அந்தக் கட்டடம் நம்ம கம்பெனி கஸ்டமரே இல்லையே!

– அதனாலதான் ‘சொந்தம்’னு எழுதியிருக்கீங்க. இல்லையா?

– ...பின்ன, பொய்யா எழுத முடியும்?

– யார் கூப்பிட்டாங்க?

– வாட்ச்மேன். நம்பர் கொடுத்து வெச்சிருந்தேன். அத்தைக்கு முட்டி ஆபரேஷன்னு கேள்விப்பட்டேன். நாலு மாடி எப்படி ஏறுவாங்க?

– அம்மா இப்ப லிஃப்டுல தனியாவே போய் வர்றாங்க. யாரோ கைராசிக்கார மெக்கானிக்காம். நல்லா இருக்கணும்னு தினம் வாழ்த்தறாங்க.

– யாருன்னு தெரியுமா?

– தெரிஞ்சா படியிலேயே ஏறுவாங்க.

– ஏய், சிரிக்காதே... எல்லாரும் பாக்கறாங்க.

– ஆபீஸ்ல ‘ஏய்’ கிடையாது சார். மேடம்.

– நாலு மாசமாச்சு, நீ பெட்டியைத் தூக்கிட்டு உங்கம்மா வீட்டுக்குப் போயி. அதுக்கப்புறம் இன்னிக்குத்தான் சிரிச்சுப் பாக்கறேன், மேடம்.

– ...இன்னொண்ணும் சொல்லிடறேன். கடைசி ரெண்டு வியாழன் லிஃப்ட் நிக்கவே இல்ல. நின்னுடுச்சுன்னு வாட்ச்மேனை போன் பண்ணச் சொன்னது நான்.

– தெரியும்.

– தெரியுமா?

– பழுதே இல்லாத மெஷினை நாப்பது நிமிஷம் துடைச்சவன் நான். எனக்குத் தெரியாதா?

– அப்ப ஒரு தடவையாவது மேல வந்திருக்கலாம்ல?

– கூப்பிட்டது லிஃப்டைப் பாக்க. உங்களைப் பாக்க வரச் சொல்லலையே யாரும்.

– கையெழுத்துப் போட்டாச்சா? கொடுங்க. இந்த வியாழன் பை, ஸ்பானர் எதுவும் வேணாம். நாலாவது மாடி வரைக்கும் ஏறி வாங்க. அம்மாவை நான் பாத்துக்கறேன். அப்புறம் நோட்டுல ‘சொந்தம்’னு போடாதீங்க... ‘வீடு’ன்னு போடுங்க. ரெண்டுக்குமே பணம் கிடையாது.