குமிழில் காய்ந்த சந்தனம்

"அலோ... சங்கரி? கேக்குதா?... நான்தான். கொழந்த தூங்குதா?... சரி, மெல்லமாவே பேசறேன்... ஒண்ணுமில்ல, நம்ம தையல் மிஷினு சின்ன ஸ்க்ரூ டிரைவரு கீதே, அத்த எங்க வெச்ச?"

ஸ்க்ரூ டிரைவர் பக்கிரிசாமியின் கையில்தான் இருந்தது. நகரியில், தன் வீட்டு வாசலில் நின்ற காருக்குள், கதவைத் திறந்துபோட்டு உட்கார்ந்திருந்தார். ஏசி பலகையின் திருகுகளை அதைக் கொண்டே கழற்றியாயிற்று. மகள் மோகனாவின் பிரசவத்துக்காக சிவசங்கரி ஹைதராபாத் போனதிலிருந்து, மனைவிக்குப் போன் பண்ணக்கூட அவருக்கு ஒரு காரணம் வேண்டியிருந்தது.

"மிஷின் டிராயர்லயா? ஆமா, ஆமா... ஆங், கெடச்சிடுச்சி... எதுக்கா? காருக்குத்தான்... மெக்கானிக்கு இன்னாத்துக்கு? நானே பாக்கறேன்... சிரிக்காதம்மே. ரேணிகுண்டா ஸ்டேஷனுக்கு உன்ன வுட வந்தப்ப இன்னா சொன்ன? 'இது காரா, இட்லி குண்டானா'ன்னு கேட்டியா இல்லியா?... அதான். வெள்ளிக்கெழம நீ வந்து எறங்கறப்ப ஜில்லுன்னு கூட்டிக்கினு வரணும்...

"கோளாறு இன்னான்னு கண்டுபுடிச்சிட்டேன். கோவப்படக் கூடாது... உன் சந்தனம்தான்... அட, ஆமாம்மே. ஆயுத பூஜைக்கு ஸ்டீரிங்குக்கு வெச்ச, கியருக்கு வெச்ச, சரி. ஏசி நாபுக்குமா வெப்பாங்க? அதுவும் தண்ணியா கொழச்சி... உள்ள வழிஞ்சி, காஞ்சி, கல்லு மாதிரி கீது. நாபு செவப்புப் பக்கமே நின்னுப்போச்சி. ஏசி போட்டாலும் ஹீட்டரு காத்துதான்... சாமி குத்தமா? சந்தனம் வெச்சது குத்தமில்ல, அதுல தண்ணி ஊத்தனதுதான் குத்தம்..."

பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் ஏசி குமிழின் அடியைத் தேய்த்தார். காய்ந்த சந்தனம் தூளாக மடியில் உதிர்ந்தது. இன்னும் லேசாக மணம் இருந்தது. பலகைக்குப் பின்னால் கழன்று தொங்கிய கம்பியை அதன் கொக்கியில் மாட்டினார்.

"துன்னேன், துன்னேன்... காலையில வடிச்ச சோறே கீது... தனியா எங்க? பக்கத்து வூட்ல தறி ஓடிக்கினே கீதில்ல... அந்த சத்தத்துலதான் தூக்கம் வருது. கரெண்டு போயி தறி நின்னாதான் ஒரு மாதிரி ஆயிடுது... அட, சும்மா சொன்னேம்மே. நீ பேசு, கேட்டுக்கினுதான் கீறேன்."

சாவியைத் திருப்பினார். குமிழை நீலப் பக்கம் தள்ளினார், தடையில்லாமல் நகர்ந்தது. முதலில் புழுக்கமான காற்று. பிறகு, குளிர் முகத்தில் வந்து மோதியது.

"சங்கரி, இங்க பாரு... இன்னா?... நீயே மொதல்ல சொல்லு... மோகனாவா? அழுவுதா? ஏன்?... ஆபீசுல உடனே வரச் சொல்றாங்களா... ஓகோ... கொழந்தைய ஆளு வெச்சிப் பாக்க பயமா கீதாமா... ம்... ம்... அப்ப வெள்ளிக்கெழம டிக்கெட்டு?... கேன்சல் பண்ணியாச்சா... சரே, சரே... எதுவரைக்கும்?... ஸ்கூல்ல சேக்கற வரைக்குமா?"

பக்கத்து வீட்டுத் தறி தடதடத்துக்கொண்டிருந்தது.

"லைன்லதான் கீறேன்... கோவமா? எனக்கு இன்னா கோவம்? நம்ம பொண்ணுக்குத்தான செய்யற... அங்க வந்து இருக்கறதா? அந்த ரெண்டு ரூம்ல மாப்பிள்ள எங்க படுப்பாரு?... காரா?"

குமிழின் மேலிருந்த விரலை அவர் எடுக்கவில்லை.

"காரு எங்க ஆவுது. இது நம்மளால ஆவற வேல இல்ல. இன்னும் ஹீட்டரு காத்துதான் அடிக்குது... அதான் சொல்றேன், நல்லதாப் போச்சி. வெள்ளிக்கெழம வந்திருந்தன்னா வெந்து போயிருப்ப. நீ நிதானமா வா... இன்னா சத்தமா? ஃபேனு. வூட்டுக்குள்ள வந்துட்டேன்... ஆங், எழுந்துடுச்சா? அழுவுது பாரு. போ, போய்த் தூக்கு... நாளைக்கா? பண்றேன், பண்றேன். அந்த... ஊசி நூலு எங்க கீதுன்னு கேக்கணும்... இல்ல, இப்ப சொல்லாத. நாளைக்கி கேக்க..."

அந்தப் பக்கம் வைத்தாயிற்று. பக்கிரிசாமி, குளிர் வெளியே போகாதபடி கார்க் கதவைச் சாத்திக்கொண்டார்.